மெத்தையை மடித்தது நான்தான்

ஒரு தங்குமிடம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ரொறன்ரோவில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், கதைப்போம். நகரத்தின் நடுவில், ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்திமூன்று வருடம் அறை துப்புரவாக்கியவள் நான். ஒரு நாளைக்குப் பதினாறு அறை. கதவைத் திறந்து மூக்கை நீட்டினாலே போதும், முதல்நாள் இருந்தவன் குடித்தானா, குளித்தானா, இரவு முழுக்க அழுதுகொண்டு கிடந்தானா என்று சொல்லிவிடுவேன். நட்சத்திரம் போடுகிற ஆட்கள் வருவார்கள், கட்டிலில் ஒருக்கால் குந்துவார்கள், யன்னலால் ஏரியைப் பார்ப்பார்கள், ஐந்து போட்டுவிட்டுப் போவார்கள். கண்டறியாத நட்சத்திரம். அறையின் குணம் யன்னலிலா இருக்கிறது? கழிப்பறைப் பீங்கானுக்குப் பின்பக்கம், குழாயின் அடிப்பக்கம், கதவு நிலையின் மேல்விளிம்பு. இந்த மூன்று இடத்திலும் விரலை வைத்துப் பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கேட்டார்கள். அப்போதும் என் வாயால் சொல்ல முடியவில்லை, என் மகள்தான் சொன்னாள்.

எனக்கு ஒரே பிள்ளை. இங்கே பிறந்தவள், படித்தவள், கண்ணாடிக் கட்டிடத்தில் முப்பத்தோராம் மாடியில் வேலை பார்க்கிறவள். எதற்கும் நட்சத்திரம் பார்ப்பாள். மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில் கொத்துரொட்டி வாங்குவதற்கும் ஃபோனைத் தட்டி, முன்பின் தெரியாத ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று வாசித்துவிட்டுத்தான் காரை எடுப்பாள். "பிள்ளை, அந்தக் கடையில பத்து வருசமா வாங்கிறம், நான் சொல்லுறன் நல்லம் எண்டு" என்றால், "இருங்கோ அம்மா, போன கிழமை ஆரோ த்ரீ ஸ்ரார்ஸ் குடுத்திருக்கினம்" என்பாள். பெற்ற தாயின் நாக்கைவிட ஆரோ ஒருத்தனின் மூன்று நட்சத்திரம் அவளுக்குப் பெரிது.

நான் வேலையை விட்ட வருடம் அவள் ஒரு நாள் வந்து, "அம்மா, நாங்கள் யப்பானுக்குப் போறம்" என்றாள். மலைக்குள்ளே ஒரு பழைய விடுதி. மொத்தம் பன்னிரண்டே அறை. ஒரு வருடத்துக்கு முன்னமே பதிந்து வைத்தால்தான் இடம் கிடைக்குமாம். "அங்க நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஒரு கோப்பைகூடத் தூக்கக் கூடாது. அதுதான் ஹோல் பொயின்ற். ஒருக்காலாவது ஆரும் உங்களுக்குச் செய்யட்டும்" என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நான் "கண்டறியாத யப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். என் மனிசனோ, "நீரும் பிள்ளையும் போட்டு வாங்கோ. என்ர நாரி நோவு பதின்மூண்டு மணித்தியாலம் பிளேனில இருக்க விடாது" என்று கழன்றுவிட்டார். பத்து நாளைக்கு ரீவி ரிமோட் தன் கையில் என்ற சந்தோஷத்தில் கொடுப்புக்குள் சிரித்தார்.

விடுதி வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அந்த இடத்திலேயே எனக்கு விடுதியைப் பிடித்துவிட்டது. இங்கே ஹோட்டல் கார்பெற்றில் என்னென்ன சப்பாத்து ஏறி இறங்குகிறது என்று எனக்குத்தானே தெரியும். உள்ளே கால் வைத்தால் தடித்த புற்பாய், தாள் ஒட்டிய இழுவைக் கதவு, மர வாசம். பின்பக்கம் எங்களுக்கென்றே ஒரு மரத்தொட்டி, மலையிலிருந்து வரும் வெந்நீர் அதில் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. ஊரில், திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர்க் கிணற்றடியில் வரிசையில் நின்று, பின்னால் நிற்கிறவள் கத்தக் கத்த வாளியால் அள்ளி ஊற்றியவள் நான். இப்போது ஒரு தொட்டி முழுக்க எனக்கு.

அந்த விடுதியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெண் பொறுப்பு. போய் இறங்கியதிலிருந்து புறப்படும்வரை அவர்தான் தேத்தண்ணி கொண்டுவருவார், சாப்பாடு கொண்டுவருவார், இரவானதும் அலுமாரியிலிருந்து மெத்தையை எடுத்துப் பாயில் விரிப்பார், விடிந்ததும் மடித்து உள்ளே வைப்பார். எங்களுக்கு வந்தவருக்கு என்னுடைய வயதிருக்கும், ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். சாம்பல் நிறக் கிமோனோ, இறுக்கி முடிந்த நரைத்த கொண்டை. கதவுக்கு வெளியே முழங்காலில் இருந்து கதவை இழுப்பார். எழும்பி உள்ளே வருவார். மறுபடி முழங்காலில் இருந்து கதவைச் சாத்துவார். திரும்பவும் எழும்பி வந்து மேசையடியில் முழங்காலில் இருந்து கோப்பையை வைப்பார். ஒரு தேத்தண்ணிக்கு இத்தனை தரம் இருந்து எழும்பினால் அந்த முழங்கால் என்னத்துக்கு ஆகும்? பார்த்துக்கொண்டிருந்த என் முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது.

மகள் குளிக்கப் போனதும் நான் என் வேலையைப் பார்த்தேன். கழிப்பறைக்குப் பின்னால் கையை விட்டேன். குழாயின் அடியைத் தடவினேன். கதவு நிலைக்கு எட்டவில்லை, ஒரு மரப்பெட்டியில் ஏறி நின்று விரலால் இழுத்தேன். தண்ணீர் போகும் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். அலுமாரியின் மூலை, விளக்கின் அடித்தட்டு, கேத்திலின் மூக்கு. ஒன்றும் இல்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. இருபத்திமூன்று வருடத்தில் இப்படி ஒரு அறையை நான் கொடுத்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். கொடுத்ததில்லை. பதினாறு அறைக்கு ஓடுகிறவளால் கொடுக்க ஏலாது. கோபம் போனபிறகு அந்த மனிசியின் மேல் பெரிய மரியாதை வந்தது.

அவர் எழும்புகிற விதத்தையும் கவனித்துவிட்டேன். இடது கையைப் பாயில் ஊன்றி, ஒரு கணம் மூச்சைப் பிடித்து, பிறகுதான் எழும்புவார். முகம் பூப்போல இருக்கும், கைதான் காட்டிக்கொடுத்தது. கடைசி ஐந்து வருடமும் கட்டில் விளிம்பைப் பிடித்து நான் எழும்பியதும் அப்படித்தான். அன்றிரவு மகளிடம், "பாவமடி, அந்த மனிசிக்கு முழங்கால் சரியா ஏலாது" என்று சொன்னேன். ஏன் சொன்னேனோ, அறுந்த வாய்.

இரவுச் சாப்பாடு பதினொரு தட்டு. எல்லாம் பொம்மைக்குச் சமைத்த அளவு. ஒரு தட்டில் ஒரே ஒரு றாலும் ஒரு இலையும். சாப்பிட்டு முடிந்ததும் அந்த மனிசி மேசையை நகர்த்தி மெத்தைகளை விரித்தார். விரிப்பின் மூலையை அவர் மடித்துச் செருகியதை எட்டிப் பார்த்தேன். என்னுடைய மடிப்பைவிட நல்லது. சும்மா இருக்க முடியாமல் மற்ற நுனியைப் பிடிக்க எழும்பினேன்.

"அம்மா, இருங்கோ. ப்ளீஸ். ஜஸ்ட் இருங்கோ" என்றாள் மகள்.

பிறகு அவள் யாருடனோ ஃபோனில் கதைக்க வெளியே போனாள். அறையில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் என் கைகளை விரித்துக் காட்டினேன். மருந்துத் தண்ணீரில் வெளிறிப்போன நகம், வளைந்து நிமிராத சுண்டுவிரல். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன்னுடைய கைகளை என் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். மொளி வீங்கிய விரல்கள், ஒட்ட வெட்டிய நகம். தன்னுடைய பாஷையில் ஏதோ சொன்னார். "ஓம், அப்பிடித்தான்" என்று நான் என்னுடைய பாஷையில் சொன்னேன். என்ன சொன்னார் என்று தெரியாது, ஆனாலும் என் பதில் பிழையாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. பஸ் பிடித்த பழக்கம். மகள் எழும்பித் தொட்டிக்குள் போனதும் நான் இரண்டு மெத்தையையும் மடித்து, விரிப்பை உருவி நாலாக மடித்து, தலையணைகளை மேலே அடுக்கி மூலையில் வைத்தேன். கோப்பைகளைக் கழுவித் துவாயில் கவிழ்த்தேன். எங்கள் ஆட்கள் வேறொரு வீட்டில் தங்கினால், வீட்டுக்காரி எழும்பமுன் படுத்த படுக்கையை மடித்து வைத்துவிட்டுத்தான் முகம் கழுவுவார்கள். அப்படிச் செய்யாதவளைப் பற்றி ஒரு வருடத்துக்குக் கதைப்பார்கள். மெத்தையை அப்படியே விடவும் என்று அறையில் ஒரு தாளில் எழுதியிருந்தது, மகள் வாசித்தும் காட்டினாள். நான்தான் காதில் போடவில்லை.

காலைச் சாப்பாட்டோடு வந்த மனிசி மூலையைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தார். மெத்தையைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், மூன்றுதரம் குனிந்தார். நான் என் முழங்காலைத் தட்டிக் காட்டிப் பிறகு அவருடைய முழங்காலைக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. கண் கலங்கின மாதிரி இருந்தது, அந்தக் கண்ணோடேயே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நடையின் பக்கம் கையைக் காட்டி, விரலை வாயில் வைத்துத் தலையை ஆட்டினார். இனிச் செய்யாதே, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பாஷை தெரியாவிட்டாலும் இதற்கு என்ன கருத்து என்று விளங்காமல் இருக்க நான் பச்சைப்பிள்ளை இல்லை.

விளங்கியும் அடுத்த நாளும் மடித்தேன். ஒரு நாளைக்கு என்றாலும் அந்த முழங்காலுக்கு லீவு கொடுப்போம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அது மட்டும் இல்லை. நான் மடித்ததை அவர் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இருபத்திமூன்று வருடம் என் மடிப்பை வேலை தெரிந்த ஒருவர் நின்று பார்த்ததில்லை. முதல் நாளைவிட அழகாக மடித்தேன்.

மடிக்கும்போது விரிப்பின் ஓரத்தில் ஒரு நரைமயிர் கிடந்தது. மகளுடையது கறுப்பு, நான் சாயம் பூசுகிறவள். அது அந்த மனிசியுடையதுதான், விரிக்கும்போது விழுந்திருக்கும். அதைச் சுட்டுவிரலில் சுற்றிக் கழற்றி யன்னலால் வெளியே விட்டேன். என் மகளின் கண்ணில்கூடப் படக்கூடாது என்று பயந்தேன். ஒரு மயிருக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த காலம். பார்க்டேலில் ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தோம். அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமயிர். ஹோட்டலில் தினமும் காலையில் எங்களை நிலக்கீழ் அறையில் நிறுத்தி, யாருக்கு எந்தெந்த அறை என்று பேர் எழுதிய தாளைக் கொடுப்பார்கள். ஒரு நாள் சுப்பர்வைசர் தாள் கொடுக்கமுன் ஒரு வெள்ளை மட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதில் ரேப் போட்டு ஒட்டிய ஒரு நீளமான கறுப்பு மயிர். குளியல் தொட்டியில் கிடந்ததாம், தங்கியிருந்தவர்கள் கருத்து எழுதும் அட்டையில் எழுதிவிட்டுப் போனார்களாம். "இது யாருடையது?" என்று கேட்டுவிட்டு என்னைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்தாள். நாற்பது பேருக்கு முன்னால் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அங்கே தங்கியிருந்த யாருடையதாகவும் இருந்திருக்கலாம். கேட்க எனக்கு வாய் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் தந்து, மாடியிலிருந்து இறக்கி, அந்தக் குளிர்காலம் முழுக்க நிலக்கீழில் விரிப்புத் துவைக்கும் இடத்தில் போட்டார்கள். வெயில் என்பதே காணாமல் ஐந்து மாதம். அந்தக் கிழமையே தலைமயிரைக் கழுத்தோடு வெட்டினேன். "அம்மா, ஏன் வெட்டினீங்கள்?" என்று பிள்ளை அழுதாள். "ஸ்ரைல்" என்று சொன்னேன். பிள்ளையைப் பயப்படுத்தக் கூடாது என்று அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

விடுதிக்கு வருகிறேன். அந்த இரண்டாம் நாள் காலையில் மனிசிக்குப் பின்னால் முதலாளியம்மாவும் வந்தார். நல்லா நித்திரை கொண்டீர்களா என்று கேட்க வந்தாராம். கதவு திறந்தது. முதலாளியம்மாவின் கண் நேரே மூலைக்குப் போனது. மடித்த மெத்தை, அடுக்கிய தலையணை, கவிழ்த்த கோப்பை. பிறகு திரும்பி அந்த மனிசியை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளை மட்டையோடு நின்ற சுப்பர்வைசரின் பார்வை அது. யப்பான் என்ன, கனடா என்ன, பார்வை ஒன்றுதான். முதலாளியம்மா நெற்றி பாயில் முட்டக் குனிந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னால் அந்த மனிசி அதைவிடக் கீழே குனிந்து கிடந்தார், எழும்பவில்லை.

"சொல்லடி பிள்ளை, அது என்ர பழக்கம், அவ ஒண்டும் பிழை விடேல்லை எண்டு சொல்லு" என்று மகளை உலுக்கினேன். மகள் இங்கிலிஷில் சொன்னாள், ஃபோனில் மொழிபெயர்த்தும் காட்டினாள். நாங்கள் சொல்லச் சொல்ல முதலாளியம்மா இன்னும் குனிந்தார். விருந்தாளி தானே எழும்பிப் படுக்கையை மடிக்கிறாள் என்றால், கவனிப்புப் போதவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறாள் என்றுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டை ஒரு இளம்பெட்டை கொண்டுவந்தாள். துள்ளி எழும்புகிற முழங்கால். "அந்த மனிசி எங்கயாம்? கேள்" என்றேன். மகள் ஃபோனைக் காட்டிக் கேட்டுவிட்டு, "அவ ரெஸ்ட் எடுக்கிறாவாம் அம்மா" என்றாள். எங்களுக்கும் அப்படித்தான் சொல்வார்கள், ரெஸ்ட் என்று. அந்தப் பதினொரு தட்டில் ஒன்றும் எனக்கு இறங்கவில்லை.

புறப்படும் நாள் முதலாளியம்மா முதற்கொண்டு எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று கை அசைத்தார்கள். கார் மறையும்வரை அசைப்பார்களாம், அது அவர்கள் வழக்கம். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். வரிசையில் அவர் இல்லை. கார் கட்டிடத்தைச் சுற்றித் திரும்பும்போது பின்பக்கம் ஆவி பறக்கிற ஒரு கொட்டில். வாசலில் ஒரு கூடை விரிப்புகளோடு அவர் நின்றார், கிமோனோ இல்லை, ஏதோ நீல மேலங்கி. காரைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். நான் கண்ணாடியில் கையை வைத்தேன். அவர் குனிந்திருந்தபடியால் அதைக் கண்டிருக்கமாட்டார்.

"நல்லா இருந்ததோ அம்மா?" என்று மகள் கேட்டாள். "ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நாலு நாளில் மகள் கூப்பிட்டாள். விடுதியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறதாம். தங்கியது எப்படி இருந்தது, அறைக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு எத்தனை, கவனிப்புக்கு எத்தனை என்று நட்சத்திரம் போட்டு, கீழே நாலு வரி எழுதவேண்டுமாம். முதலாளியம்மாவே வாசிப்பாராம். மாதாவே, ஒரு வழி விட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். இங்கிலிஷ் எனக்கு விளங்கும், எழுதத்தான் வராது. அதனால் மகளை எழுதச் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் அஞ்சு போடு. அந்த மனிசியைப் பற்றி வடிவா எழுது. அறையில ஒரு தூசி இல்லை, நான் தேடிப் பாத்தும் இல்லை, வேலை தெரிஞ்ச ஒருத்தி சொல்லுறா எண்டு எழுது. மெத்தை மடிச்சது என்ர பழக்கம், அவ வேண்டாம் எண்டுதான் சொன்னவ எண்டு எழுது. அவவைத் திருப்பி அறைக்கு விடவேணும் பிள்ளை."

"ஓம் அம்மா, எழுதுறன்."

"அனுப்பமுன்னம் எனக்கு வாசிச்சுக் காட்டு."

"அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன். டோண்ட் வொறி."

நான் வொறி பண்ணவில்லை. அடுத்த மூன்று கிழமையும் நல்ல நித்திரை. கோவிலில் பக்கத்தில் இருந்தவளிடம்கூட, யப்பானில் எனக்குத் தெரிந்த ஒரு மனிசி இருக்கிறா என்று பெருமையடித்தேன். அவர் திருப்பி அறைக்கு வந்து, கதவை இழுத்துத் திறந்து, ஆரோ ஒருவருக்குத் தேத்தண்ணி வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் நோவும்தான். நோவோடேயே மாடியில் நிற்பதற்கும் நிலக்கீழில் நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நண்டுக்குழம்பு வைத்தேன். மகள் சாப்பிட வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அம்மா, மறந்துபோனன், அவையள் ரிப்ளை பண்ணியிருக்கினம். எவ்வளவு சீரியஸா எடுத்திருக்கினம் பாருங்கோ" என்று ஃபோனை எடுத்தாள். முதலாளியம்மாவே எழுதியிருந்தார். மகள் இங்கிலிஷில் வாசித்தாள். உங்கள் தாயாருக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனதின் அடியிலிருந்து மன்னிப்புக் கேட்கிறோம். நீங்கள் நேர்மையாகச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. உங்கள் அறைக்குப் பொறுப்பாக இருந்த ஊழியர் முப்பது வருடங்களுக்கு மேல் எங்களோடு இருந்தவர், இந்த மாதத்தோடு அவர் பணியிலிருந்து விலகிக்கொண்டார். மறுபடி வாருங்கள், ஒரு இரவு எங்கள் விருந்தினராகத் தங்குங்கள்.

"ஃப்ரீயா அம்மா!" என்றாள்.

"நீ என்னடி எழுதினனீ?" என்று கேட்டேன். "வாசி. இப்பவே வாசி."

அவள் தேடி எடுத்து வாசித்தாள். அறைக்கு ஐந்து. சாப்பாட்டுக்கு ஐந்து. கவனிப்புக்கு இரண்டு. என் அம்மா இருபத்திமூன்று வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கியவர். வாழ்க்கையில் முதல்தடவையாக ஓய்வெடுக்க வந்தார். வந்த இடத்திலும் இரண்டு நாள் தன் படுக்கையைத் தானே மடித்தார், கோப்பைகளைத் தானே கழுவினார். எங்களைக் கவனித்த வயதான பெண்மணி மிக அன்பானவர், ஆனால் முழங்கால் வருத்தத்தால் அவருக்கு இந்த வேலை கடினமாக இருந்தது, என் அம்மா அவருக்கு உதவி செய்ய வேண்டியதாகிவிட்டது. இந்தத் தரத்திலுள்ள ஒரு விடுதியில் இதை எதிர்பார்க்கவில்லை.

முழங்கால். அது அவளுக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை. அந்த மனிசி முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல் இவ்வளவு காலமும் மறைத்து வைத்ததை, ஒரே பார்வையில் கண்டுபிடித்து, பாவம் பார்த்து, என் மகளின் வாயில் போட்டது நான். மெத்தையை மடித்ததும் நான். அவள் எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"உனக்கு விசரே? நான் உன்னட்ட என்ன சொன்னனான்?"

"அம்மா, லிசின். நீங்கள் சொன்ன மாதிரி அவ நல்லவ எண்டும் எழுதியிருக்கிறன்தானே. ஆனா நான் பொய் எழுதேலாது. சின்ன வயசில இருந்து நீங்கள் ஆற்றையோ கட்டிலை விரிச்சு, ஆற்றையோ ஊத்தை கழுவி, கை வெடிச்சு வாறதைப் பாத்து வளந்தனான். எவ்வளவு ஆசையாக் கூட்டிக்கொண்டு போனனான்! அங்கயும் விடிய எழும்பி நீங்கள் அதையே செய்யேக்க எனக்கு அழுகை வந்தது. நான் குளிக்கேல்லை அம்மா, தொட்டிக்குள்ள இருந்து அழுதனான். அவையள் உங்களை விட்டிருக்கக் கூடாது. ஐ வாஸ் சோ மேட்."

நாக்கைப் பிடுங்கிற மாதிரி ஏதாவது கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது? என் பிள்ளை எனக்காகத்தான் எழுதினாள். என் கை வெடித்ததற்கு, என் முதுகு வளைந்ததற்கு, யார்யாருக்கோ குனிந்ததற்கெல்லாம் கணக்குக் கேட்க அவளுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தக் கோபம் முழுவதையும் கொண்டுபோய் உலகத்தில் என்னைப் போலவே இருந்த ஒரே மனிசியின் தலையில் போட்டுவிட்டாள். இரண்டு நட்சத்திரத்துக்கு முப்பது வருடம். எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது, அதைவிட என்மேல் வந்தது.

என் மனிசன் ரீவியைக் குறைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். மகள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்விட்டாள்.

"அம்மா, அவவா விலகினவ எண்டுதானே எழுதியிருக்கு."

ஃபோனை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"நான் ஆளைக் குறிச்சு எழுதேல்லையே அம்மா. பேர்கூடப் போடேல்லை. எனக்கு அவவின்ர பேரே தெரியாது."

மேசையிலிருந்த கோப்பைகளை எடுக்கக் கையை நீட்டினேன், அப்படியே விட்டேன். கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தேன்.

"நீ அஞ்சாம் வகுப்புப் படிக்கேக்க நான் தலைமயிரை வெட்டினனான், ஞாபகம் இருக்கோ?"

"ஓம். நான் அழுதனான். ஸ்ரைல் எண்டு சொன்னீங்கள்."

"ஸ்ரைல் இல்லை" என்று தொடங்கி, தொட்டியில் கிடந்த மயிரையும், வெள்ளை மட்டையையும், நிலக்கீழில் கிடந்த ஐந்து மாதத்தையும் சொன்னேன். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அட்டையில ஆர் அம்மா உங்களைப் பற்றி அப்பிடி எழுதினது?" என்று கேட்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"ஆரோ. அவைக்கும் என்ர பேர் தெரியாது பிள்ளை. றூம் நம்பர் மட்டும்தான் எழுதினவை."